விழமாட்டார் என்று சொன்ன போன்

கைதி விழவில்லை, குதித்தார் என்று சிறை சொன்னது. சாட்சி ஒரு செல்போன்.

சூர்யகலா அந்த அறிக்கையை மேஜைமேல் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த எழிலரசன் அதைத் தொடவில்லை. முப்பது வயது இருக்கும். மூட்டை தூக்குகிறவன். வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"உங்க அப்பா பேரு வீரன். முள்ளிப்பட்டுல கூலிக்குத் தறி நெய்தவர். மச்சானை வெட்டிட்டு ஆயுள் தண்டனையில இருக்கார். வெட்டினது உண்மைதானே?"

"உண்மைதாங்க."

"சரி. அதுக்கு மேல அதைப் பத்தி நான் கேக்க மாட்டேன்."

சூர்யகலா காப்பீட்டுக் கம்பெனியில் பொய் விபத்து பிடிக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவள். விழுந்தவர்களையும் விழுந்ததாக நடித்தவர்களையும் நிறையப் பார்த்தாயிற்று. இப்போது ஆரணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் தனியாகத் துப்பறியும் தொழில். வீரன் விஷயத்தை அனுப்பியவள் சட்ட உதவி வக்கீல் அமலா.

விஷயம் இதுதான். சென்னைக் கம்பெனி ஒன்று 'திடநடை' என்று ஒரு செயலி செய்திருந்தது. வயதான கைதிகளில் யார் விழுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்வதற்கு. போனை பெல்ட்டில் வைத்துக் கைதியின் இடுப்பில் கட்ட வேண்டும். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துப் போன் ஒரு நிறம் சொல்லும். சிவப்பு என்றால் விழக்கூடியவர். கீழ்த்தளத்தில் கட்டில், கழிப்பறையில் கைப்பிடி, துணைக்கு ஓர் ஆள். பச்சை என்றால் எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

வீரனுக்குப் பச்சை வந்தது. கீழ்த்தளக் கட்டிலிலிருந்து மாடிக்கு மாற்றினார்கள். சில நாளில் படிக்கட்டின் கீழே கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பச்சைக்காரர் விழ மாட்டார். ஆகவே ஆஸ்பத்திரி சுகத்துக்காக வேண்டுமென்றே குதித்தார் என்று கோப்பில் எழுதிவிட்டார்கள். தன் உடம்பைத் தானே கெடுத்துக்கொள்வது சிறைக் குற்றம். வருகிற திங்கட்கிழமை முன்விடுதலைக் குழு கூடுகிறது. அந்தக் குற்றம் கோப்பில் இருக்கும்வரை வீரனுக்கு விடுதலை இல்லை. எலும்பு ஒட்டினதும் ஒட்டாததுமாகத் திரும்ப அதே மாடி.

"எழுபது தாண்டின ஆளு ஆஸ்பத்திரி சோத்துக்காக இடுப்பை ஒடைச்சுக்கறாரு," என்றான் தென்னரசு. சூர்யகலாவின் உதவியாளன். மூலையில் பெஞ்சில் சாய்ந்திருந்தான். "அந்த ஆஸ்பத்திரி சோத்தை நான் சாப்பிட்டிருக்கேன் மேடம். அதுக்கு நகத்தைக்கூட ஒடைக்க முடியாது."

"அப்பாவுக்கு யாராவது போன் கட்டினாங்களா?" என்று சூர்யகலா எழிலரசனைக் கேட்டாள்.

"யாரும் கட்டலன்னு சொல்றாரு. கெழவனுக்கு மறதின்னு எழுதிட்டாங்க."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

எழிலரசன் ஜன்னலைப் பார்த்தான். "அந்த டெஸ்ட்டை ஜெயிலுக்குள்ளதான் எடுத்தாங்களான்னு மட்டும் கண்டுபுடிச்சிச் சொல்லுங்க மேடம். அது போதும்."

"ஏன் அது மட்டும்?"

"அது தெரிஞ்சா போதுங்க. நான் கெளம்பறேன். லாரி நின்னுகினு இருக்குது."

போய்விட்டான். போகும்போது கும்பிட்டான். கண்ணைப் பார்க்கவில்லை.

அமலா ஒரு பென்டிரைவ் அனுப்பியிருந்தாள். அந்தச் சிறையில் சோதித்த நாற்பது முதியவர்களின் பதிவுகள் அதில் இருந்தன. பெயர்களை மறைத்து எண் மட்டும் வைத்திருந்தார்கள். வீரனின் எண் மட்டும் அமலாவுக்குத் தெரியும். ஒவ்வொரு பதிவும் திரையில் ஓர் அலைக்கோடு.

சூர்யகலா கண்ணை மூடி நிற்கும் சோதனையின் கோடுகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள். மனிதர்கள் ஆடுவது ஆளுக்கு ஒரு விதம். இங்கேயும் பெரிய அலைகள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேறாகத்தான் இருந்தன. ஆனால் எல்லாக் கோடுகளின் அடியிலும் ஒரே பொடி நடுக்கம். சீப்பின் பல் மாதிரி சீராக.

"நாற்பது கெழவருக்கும் ஒரே மாதிரி கை நடுக்கமா?" என்றான் தென்னரசு. "ஜெயிலரைப் பாத்த பயமா இருக்கும்."

"பயம் இவ்வளவு சீரா நடுங்காது."

அவன் டீ கிளாஸை மேஜைமேல் வைத்தான். சூர்யகலா அதையே பார்த்தாள். டீயின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள். கீழ்த்தளத்தில் ஒரு பட்டு முறுக்குப் பட்டறை. காலையில் போட்டால் மெஷின் நிற்காது. இந்த அறைக்கு வந்த முதல் வாரம் அவளுக்குத் தலை வலித்தது. அப்புறம் மெஷின் ஓடுவதே மறந்துவிட்டது.

தன் போனில் திடநடையை இறக்கி மேஜைமேல் படுக்க வைத்தாள். திரையில் கோடு ஓடியது. சீப்பின் பல்.

"கீழ போய் மெஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு."

"ஓனர் என்னையே எடுத்து முறுக்கிடுவாரு."

"போ."

கொஞ்ச நேரத்தில் கீழே சத்தம் அடங்கியது. ஒரு வசவு கேட்டது. கோடு வழவழப்பாகிவிட்டது.

தென்னரசு மேலே வந்து மூச்சு வாங்கினான். "அப்ப நடுங்கினது கெழவருங்க இல்ல. தரை."

"ஜெயில்ல முதியோர் வார்டுக்குப் பக்கத்துல எந்த மெஷினும் இல்லைன்னு அமலா சொல்றா. இன்னொண்ணு பாரு."

கடைசியாக எடுத்த கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினாள். அந்த ஆள் நின்றுகொண்டிருக்கும்போதே பாதியில் பொடி நடுக்கம் நின்றுபோயிருந்தது. ஆள் ஆடுவது தொடர்ந்தது. தரை மட்டும் அடங்கிவிட்டது.

"கரண்ட் கட்," என்றான் தென்னரசு.

"எந்த ஊர்ல? போன மாசம், முதல் சனிக்கிழமை."

தென்னரசு நிமிர்ந்து உட்கார்ந்தான். "அன்னிக்குக் களம்பூர்ல மாசாந்தரப் பராமரிப்பு மேடம். மத்தியானத்துக்கு மேல கரண்ட் கெடையாது. எப்பிடித் தெரியும்னு கேளுங்க. மாமியார் வூட்டு விருந்துக்குப் போனேன். கிரைண்டர் ஓடல, இட்லி இல்ல. பேன் ஓடல, தூக்கம் இல்ல. மாமனார் மட்டும் நிக்காம ஓடினாரு. அவரு பேட்டரில ஓடறவரு."

சூர்யகலா அறிக்கையின் கடைசி வரியைப் பார்த்தாள். சோதனை செய்த களப்பணியாளர் பெயர் கோபிநாத். ஊர் களம்பூர்.

கிளம்பியிருக்கலாம். ஆனால் அவள் இன்னொரு பதிவில் சிக்கிக்கொண்டாள். அது ஒரு சிவப்பு. பெயர் தெரியாத கைதி. எழும்போது பாதியில் ஒருமுறை நின்று, மறுபடி எழுகிறார். வலது கால் தரையை விட்டுச் சரியாக எழும்புவதில்லை, இழுபடுகிறது. திரும்பும் இடத்தில் ஒரு தயக்கம்.

"எழிலரசன் அனுப்பின வீடியோவைப் போடு. அப்பா பரோல்ல வந்தப்ப எடுத்தது."

தென்னரசு போட்டான். வீட்டு வாசலில் வீரன் ஸ்டூலிலிருந்து எழுகிறார். பாதியில் நிற்கிறார். மறுபடி எழுகிறார். வலது கால் இழுபடுகிறது. வாசல் முடிவில் தயங்கித் திரும்புகிறார்.

சூர்யகலா வீடியோவையும் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அசைவுக்கு அசைவு பொருந்தியது.

"அவ்ளோதான் மேடம், முடிஞ்சுது. நம்பரை மாத்திப் போட்டுட்டானுங்க. கெழவரோட சிவப்பு வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. வேற ஒருத்தரோட பச்சை இவருக்கு வந்துடுச்சு. குமாஸ்தா தப்பு."

"இந்தச் சிவப்புக்கு அடியில என்ன ஓடுது?"

அவன் குனிந்து பார்த்தான். சீப்பின் பல் ஓடியது.

தென்னரசு தலையைச் சொறிந்தான். "அப்ப கெழவரு ராவோட ராவா சுவரேறிக் குதிச்சு, களம்பூருக்கு நடந்தே போயி, மெஷின் ஓடற எடத்துல நடந்து காட்டிட்டு, திரும்பி வந்து படுத்துகினாரா?"

"அவர் களம்பூருக்குப் போகலை."

"நடை போயிருக்குதே?"

"ஆமா. நடை மட்டும் போயிருக்கு. வண்டியை எடு."

களம்பூர் ரோட்டில் நெல் லாரிகள் வரிசையாக நின்றன. புழுங்கல் வாடை மூக்கில் ஏறியது. முதல் டீக்கடையிலேயே கோபிநாத்தைத் தெரிந்திருந்தது. "ஆப் கோபியா? அவங்க மாமா மில்லுலதான் இருப்பாரு" என்று கடைக்காரர் கை காட்டினார்.

மாமாவின் பெயர் திருமலை. மில்லை மேற்பார்வை பார்க்கிறவர். உள்ளே நெல் அரைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே சிமென்ட் தாழ்வாரம். நீளமாக, மட்டமாக, கூரையோடு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

கோபிநாத் தாழ்வாரத்தில்தான் இருந்தான். இஸ்திரி சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை. நன்றாகப் படித்தவன் என்று முகம் சொன்னது. சூர்யகலா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் சிரித்தான்.

"நாங்க முதியோர் பாதுகாப்புக்காகத்தான் வேலை செய்யறோம் மேடம். ஒவ்வொரு கைதியையும் நேர்ல பாத்து, பக்கத்துல நின்னு எடுத்த டேட்டா."

"ஜெயில்லயா?"

"வேற எங்க?"

"இந்தத் தாழ்வாரத் தரை ஆடுதே. உங்களுக்குத் தெரியலையா?"

அவன் உண்மையாகவே குழம்பினான். மாமாவைப் பார்த்தான். திருமலைக்கும் புரியவில்லை.

"ஆடுதா? நம்ம தரை பாறைங்க," என்றார் திருமலை. "கைப்பட நின்னு போட்ட சிமென்ட்."

"ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க."

கொண்டுவந்தார். சூர்யகலா வாங்கிக் குடிக்காமல் தரையில் வைத்தாள். தண்ணீரில் வட்டங்கள் ஓடின. மாமாவும் மருமகனும் குனிந்து பார்த்தார்கள். வருஷக்கணக்காக அதன்மேல் நின்றவர்கள். அவர்கள் கால் அதை எப்போதோ மறந்துவிட்டிருந்தது. ஊருக்குப் புதிதாக வந்தவன் யாராவது இருந்திருந்தால் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான்.

"உங்க நாற்பது கைதியும் இந்தத் தண்ணி மாதிரிதான் ஆடறாங்க கோபிநாத். கரண்ட் போனப்ப ஒருத்தர் பாதியில ஆட்டத்தை நிறுத்திட்டார்."

கோபிநாத் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தான். பயப்படவில்லை. சூர்யகலாவையும் தென்னரசையும் பார்த்துச் சொன்னான்.

"எதையும் ரெக்கார்டு பண்ணக்கூடாது. ரெண்டு பேரும் போனை மாமாகிட்ட குடுத்துட்டு வாங்க. பேசலாம்."

கொடுத்தார்கள். திருமலை போன்களோடு உள்ளே போனார். கோபிநாத் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

"ஒரு நாள் அந்த வார்டுக்குப் போனேன் மேடம். நெஜமாவே போனேன். மூத்திர நாத்தம். ஒருத்தன் வேட்டியிலயே இருக்கான். இன்னொருத்தன் என் கையப் புடிச்சிகினு விடல, எம் பையனா நீங்கறான். அவன் இடுப்புல போய் நான் பெல்ட்டு கட்டணுமா? வெளிய வந்து வாந்தி எடுத்தேன். அப்புறம் போகல."

"அதனால?"

"அதனால என்ன? கம்பெனிக்கு டேட்டா வேணும். ஜெயிலுக்கு ரிப்போர்ட் வேணும். கெழவனுங்களுக்கு ஒண்ணும் வேணாம். இங்க ஒரு லோடுமேனைப் புடிச்சு பெல்ட்டைக் கட்டி நடக்க விட்டேன்."

"நாற்பது பேருக்கும் ஒரே ஆளா?"

"கில்லாடி மேடம் அவன். தாத்தா மாதிரி நடன்னா நடப்பான். கண்ணு தெரியாதவன் மாதிரி, குடிகாரன் மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் மில்லே சிரிச்சுது. நடுநடுவுல மூச்சு வாங்கும்போது சும்மா நேரா நடப்பான். எல்லாத்தையும் சேத்துத்தான் எடுத்தேன். எல்லாரும் பச்சையா இருந்தா எவன் இந்த ஆப்பை வாங்குவான்? கொஞ்சம் சிவப்பு வேணும்ல."

"எது யார் பேருக்குப் போச்சு?"

"அத யாரு பாத்தா? வரிசையா எடுத்தேன், வரிசையா ஏத்தினேன்."

தென்னரசு எழுந்துவிட்டான். "ஒரு ஆளு இடுப்பு ஒடைஞ்சு கெடக்கறாருங்க."

"எழுபது வயசுக்கு மேல எல்லாரும்தான் விழறாங்க. எங்க தாத்தா வூட்லயே விழுந்தாரு. யார் மேல கேஸ் போடறது?" கோபிநாத் சட்டைக் கையைச் சரிசெய்தான். "இங்க பேசினது எதையும் நான் வெளிய ஒத்துக்க மாட்டேன் மேடம். தரை ஆடுச்சுன்னு சொன்னா ஜெயில் பேன் ஆடிச்சுன்னு கம்பெனி சொல்லிடும். டீ சாப்பிடுறீங்களா?"

"நடந்தவன் பேரு என்ன?"

"லோடுமேனுங்க பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"எழிலரசன்," என்றாள் சூர்யகலா.

கோபிநாத்தின் கால் கீழே இறங்கியது. முதல்முறையாக அவன் முகத்தில் ஏதோ மாறியது. "எழில்னுதான் கூப்பிடுவாங்க. உங்களுக்கு எப்பிடி?"

சூர்யகலா திரும்பி நடந்தாள். உள்ளே போய்ப் போன்களை வாங்கிக்கொண்டாள்.

வண்டி பாதித் தூரம் வந்தது. தென்னரசு ஓரமாக நிறுத்தினான்.

"கிளம்பும்போதே தெரியுமா மேடம்?"

"ஒரு நடையை அசைவுக்கு அசைவு பார்த்துச் செய்யணும்னா அதைச் சின்ன வயசிலேர்ந்து பார்த்திருக்கணும். வீரனுக்கு ஒரே பையன்."

"நம்மகிட்ட கேஸ் குடுத்தவனே..."

"ஆமா."

தென்னரசு நகைச்சுவையாக ஏதாவது சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் ரோட்டில் எச்சில் துப்பிவிட்டு வண்டியை உதைத்தான்.

எழிலரசன் ஆரணி பஸ் நிலையத்துக்கு எதிரே லாரியில் மூட்டைகளை அடுக்கி அட்டிகட்டிக்கொண்டிருந்தான். சூர்யகலாவைப் பார்த்ததும் இறங்கி வந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். அவளுக்கு முன்னால் அவனே பேசினான்.

"ஜெயில்ல எடுக்கல. இல்லீங்களா?"

"இல்லை. களம்பூர் மில் தாழ்வாரத்துல எடுத்தாங்க. இடுப்புல போன் கட்டிக்கிட்டு நடந்தது நீங்க."

அவன் லாரியின் டயரில் கை வைத்துக்கொண்டான்.

"தெரிஞ்சுதானே என்கிட்ட வந்தீங்க?"

"தெரியாதுங்க. சந்தேகம். முதியோர் இல்லத்துக்கு ஆப் டெஸ்ட்டுன்னுதான் சொன்னாரு. ஒரு நாள் கூலியும் சாப்பாடும் குடுத்தாரு. அப்புறம் வக்கீலம்மா இடுப்புல போன் கட்டற டெஸ்ட்டுன்னு சொன்னப்ப மில்லு ஞாபகம் வந்துச்சு. அது வேற, இது வேறன்னு நீங்க சொல்லுவீங்கன்னு வந்தேன்."

தென்னரசு குறுக்கிட்டான். "உங்க நைனா மாதிரி நடந்தியா நீ?"

"எல்லார் மாதிரியும் நடந்தேன். அவுரு மாதிரியும் நடந்தேன். நல்லா வருது, இன்னொரு தபா பண்ணுன்னாங்க. சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." அவன் துண்டை முறுக்கினான். "அப்ப அவருக்குச் சிவப்புத்தானே வந்திருக்கணும்?"

சூர்யகலா சொல்லாமல் இருந்திருக்கலாம். வருகிற வழியில் அமலாவுக்குப் போன் செய்து, சிறையின் கட்டில் பட்டியலை எண்களோடு ஒப்பிடச் சொல்லி உறுதி செய்திருந்தாள். எப்படியும் மனுவில் வரப்போகிறது.

"நீங்க அப்பா மாதிரி நடந்தது வேற ஒரு கைதி பேருக்குப் போச்சு. அவருக்குச் சிவப்பு. மூச்சு வாங்க நேரா நடந்தது அப்பா பேருக்கு வந்தது. பச்சை."

அவன் தலையாட்டினான்.

"இன்னும் இருக்கு. சிவப்பு வந்த கைதிக்குக் கீழ ஒரு கட்டில் தேவைப்பட்டது. காலியா எதுவும் இல்லை. பச்சை வந்தவரை எழுப்பி மாடிக்கு அனுப்பினாங்க."

லாரி டிரைவர் ஜல்தி ஜல்தி என்று கத்தினார். எழிலரசனுக்குக் கேட்கவில்லை. பிறகு சாக்கடை ஓரம் போய்க் குந்தி உட்கார்ந்தான். வாந்தி வரும் என்று பார்த்தான் போலிருக்கிறது. வரவில்லை.

சூர்யகலா பக்கத்தில் நின்றாள். "கோபிநாத் எதையும் ஒத்துக்க மாட்டான். தரை ஆடினதை வேற ஏதாவது சொல்லி மழுப்பிடுவாங்க. மழுப்ப முடியாதது ஒண்ணுதான். நீங்க குழு முன்னாடி பெல்ட்டைக் கட்டிக்கிட்டு நேரா ஒரு தடவை, அப்பா மாதிரி ஒரு தடவை நடக்கணும். ரெண்டு கோடும் ஜெயில் பதிவோட பொருந்தும். அமலா அதுக்கு மனு போடறா. ஆனா பொய்ப் பதிவுக்கு உடந்தைன்னு உங்க மேலயும் வழக்கு வரலாம். அதையும் சொல்லிடறேன்."

"வரட்டும்."

"மனுவுல அப்பா கைநாட்டு வேணும். படிச்சுக் காட்டித்தான் வாங்குவாங்க."

எழிலரசன் எழுந்து துண்டைத் தோளில் போட்டான். "வக்கீலம்மா படிக்க வாணாம்," என்றான். "நான் சொல்றேன்."

மறுநாள் ஆஸ்பத்திரி. கைதிகளுக்கான வார்டு கட்டிடத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிக்கு அடுத்து. பினாயில் வாடையும் அதற்கு அடியில் வேறு வாடையும். வாசலில் ஒரு காவலர் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். அமலா வாங்கித் தந்த உத்தரவைக் காட்டியதும் உள்ளே விட்டுக் கூடவே வந்தார்.

வீரன் கடைசிக் கட்டிலில் கிடந்தார். இடுப்பு உடைந்தவரின் கையைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டிருந்தார்கள். தலையணை உறையில் யாருடையதோ பழைய ரத்தம். தட்டில் தொடாத சோறு. ஈ மொய்த்தது.

"ஓடிடுவாருன்னு விலங்கா?" என்றான் தென்னரசு.

"ரூல்ஸ்," என்றார் காவலர்.

"பச்சைக்காரர்தானே. ஓடினாலும் ஓடுவாரு."

காவலருக்குப் புரியவில்லை. சூர்யகலா தென்னரசைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

எழிலரசன் கட்டிலின் தலைமாட்டில் நின்றான். ஈயை ஓட்டினான். அப்புறம் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. மில், கோபிநாத், பெல்ட், கூலி, சிரிப்பு, சிவப்பு, பச்சை, கட்டில். அமலா எழுதியதைவிடச் சுருக்கமாக இருந்தது. சொல்லும்போது அவன் அப்பாவின் விலங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீரன் கேட்டுக்கொண்டிருந்தார். வெட்டுக் குத்து செய்தவர் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. செய்யாதவர் என்றும் சொல்ல முடியாது.

"என்னை மாதிரி நடந்தியா?"

"ஆமா நைனா."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"இங்க நட."

"வாணாம் நைனா."

"நட. நான் பாக்கணும்."

எழிலரசன் சூர்யகலாவைப் பார்த்தான். சுவரோரம் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தான். எழுந்தான். பாதியில் நின்றான். மறுபடி எழுந்தான். இரண்டு கட்டில் வரிசைக்கு நடுவே வலது காலை இழுத்துக்கொண்டு நடந்தான். அகலமான தோள் எங்கோ போய்விட்டது. முப்பது வயதுக்காரன் காணாமல் போய், கட்டிலில் கிடந்தவர் எழுந்து நடப்பது போலிருந்தது.

எதிர்க் கட்டிலில் கட்டுப்போட்டிருந்த ஒரு கைதி சிரித்தான். காவலரும் சிரித்துவிட்டார். எழிலரசன் நடுவில் நின்றுவிட்டான்.

வீரன் சிரிக்கவில்லை. மகனின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தான் நடப்பதை ஒருவரும் தானே பார்ப்பதில்லை. அவர் இப்போதுதான் பார்க்கிறார், இனி நடக்க முடியாத நேரத்தில்.

சூர்யகலா மனுவையும் மைப்பெட்டியையும் நீட்டினாள். விலங்கு போடாத கையின் கட்டைவிரலை அவரே மையில் அழுத்தி, காட்டிய இடத்தில் வைத்தார். மை படிந்த விரலைப் போர்வையில் துடைத்தார். எழிலரசன் துடைத்துவிடக் குனிந்தபோது கையை இழுத்துக்கொண்டார்.

"ஏன் நடுவுல நின்ன?"

"அவங்க சிரிச்சாங்க நைனா."

"திங்கக்கெழமை அந்தப் பெரிய மனுசங்களும் சிரிப்பாங்க." வீரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "நிக்காத. கடைசி வரைக்கும் நட."